மனப்பாங்கை அளத்தல்: புள்ளிவிபரவியற் கல்வியில் நம்பகம் என்னும் எண்ணக்கருவின் வரலாறு

1

பல்கலைக்கழகங்களிலே புள்ளிவிபரவியலைக் கற்போருள் அதனை விரும்பித் தெரிந்தெடுத்தோர் சிலரே. உளவியல், சமூகவியல், பொருளியல், கல்வியியல், மருத்துவம் முதலாய துறைகளை நாடி வந்த மாணவர் பலர் அதனை ஒரு கட்டாய பாடமாகவே எதிர்கொள்கின்றனர். அவர்களிடத்துக் காணப்படும் அச்சமும் சலிப்பும் ஆசிரியர்கள் நெடுங்காலமாக அறிந்தவையே. ஆயின் அவ்வச்சத்தை ஓர் எண்ணாக எழுதுதல் கூடுமா, எழுதினால் அவ்வெண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வினாக்கள் கடந்த நாற்பதாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேதான் முறையாக எழுப்பப்பட்டன.

இவ்வினாக்களுக்கு விடைகாண முற்பட்டோர் வெறுங்கையுடன் வரவில்லை. மனத்தின் இயல்புகளை அளப்பதற்கு 1904ஆம் ஆண்டு தொடக்கம் உருவாகி வந்த ஒரு கருவித் தொகுதி அவர்கள் கையில் இருந்தது. அத்தொகுதியின் நடுநாயகமாக விளங்குவது ‘நம்பகம்’ என்னும் எண்ணக்கரு. இன்று ஒரு வினாக்கொத்தின் நம்பகக் குணகம் 0.70ஐத் தாண்டிவிட்டால், அதன் மூலம் பெறப்பட்ட முடிவுகள் யாவும் ஏற்புடையனவாகக் கொள்ளப்படுகின்றன. வரையறுத்த ஒரு பொருளைக் குறிக்கத் தோன்றிய குணகம் எவ்வாறு ஓர் அனுமதிச் சீட்டாக மாறியது என்பதே நாம் ஈண்டு ஆராய முற்படும் விடயமாகும். நம்பகம் என்பது வினாக்கொத்தின் நிலையான பண்பன்று. குறித்த ஒரு குழுவினர் குறித்த ஒரு சூழலில் அளித்த விடைகளின் பண்பே அது. இவ்வுண்மை மறக்கப்படும்போது, கற்பித்தலின் குறை மாணவரின் குறையாக எழுதப்பட்டுவிடும் என்பது எமது கருத்து.

2

நம்பகம் பற்றிய கோட்பாட்டின் தோற்றுவாய் ஆங்கிலேய உளவியலாளரான சாள்ஸ் ஸ்பியர்மன் 1904இல் வெளியிட்ட கட்டுரையாகும். நாம் பெறும் ஒவ்வோர் அளவையிலும் உண்மைப் பெறுமானத்தோடு வழுவும் கலந்துள்ளது. எனவே இரு பண்புகளுக்கிடையே கணிக்கப்படும் இணைபு, அவற்றின் மெய்யான இணைபிலும் குறைந்தே தோன்றும் என அவர் எடுத்துக்காட்டினார். வழுவின் அளவை அறிந்தால் அக்குறைவைத் திருத்தலாம். வழுவின் அளவை அறிவதற்கு ஒரே பண்பை இருமுறை அளந்து, அவ்விரு அளவைகளுக்கும் இடையேயுள்ள இணைபைக் காணவேண்டும். நம்பகம் என்பதன் முதற்பொருள் இதுவே.

1910இல் ஸ்பியர்மனும் வில்லியம் பிறவுணும் தனித்தனியே மற்றொரு பேற்றை வெளியிட்டனர். ஒரு சோதனையில் ஒத்த தன்மையுடைய வினாக்களைக் கூட்டிச் சென்றால் அதன் நம்பகம் எவ்வளவு உயரும் என்பதை அது கூறியது. தனித்தனி விடைகளிற் கலந்துள்ள வழுக்கள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துவிடும் என்பதே அதன் அடிப்படை. இச்சூத்திரம் எளியது, ஆயின் பின்னாளில் நேர்ந்த மயக்கத்துக்கும் இதுவே வித்து.

இக்கோட்பாடு தோன்றிய சமூகச் சூழலையும் நாம் மறத்தலாகாது. ஸ்பியர்மன் அதே ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, மாணவரின் ‘பொதுவான அறிவுத்திறன்’ ஒன்றே என நிறுவ முனைந்தது. இணைபு என்ற கணிதக் கருவியை முதலில் உருவாக்கிய பிரான்சிஸ் கால்ரன் 1883இல் ‘இனமேம்பாட்டியல்’ என்ற பெயரைப் படைத்தவர். மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என வரிசைப்படுத்தும் நோக்கத்தோடு பிணைந்தே இக்கருவிகள் வளர்ந்தன. கருவி பிறந்த இடம் காரணமாகவே அதனைத் தள்ளிவிட வேண்டுமென நாம் கூறவில்லை. ஆயின் தனிமனிதரிடையேயுள்ள வேறுபாட்டை அளப்பதற்கென அமைந்த கருவி, அவர்கள் வாழும் நிலைமைகளை அளப்பதற்கு அமைந்ததன்று என்பது மனங்கொளத்தக்கது.

3

அறிவுத்திறனை அளந்த முறைகள் மனப்பாங்கை நோக்கித் திரும்பியது 1920களின் பிற்பகுதியிலாகும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எல். எல். தேர்ஸ்ரன் மனப்பாங்கையும் அளக்கலாம் என்று 1928இல் வெளிப்படையாகவே வாதித்தார். அடுத்த ஆண்டு அவரும் ஈ. ஜே. சேவும் கிறித்தவத் திருச்சபை பற்றிய மனப்பாங்கை அளக்கும் நூலொன்றை வெளியிட்டனர். திருச்சபை பற்றிய 130 கூற்றுகளை 300 பேரிடம் கொடுத்து, மிகச் சாதகமானது முதல் மிகப் பாதகமானது வரை 11 குவியல்களாகப் பிரிக்கச் செய்து, அவற்றிலிருந்து 45 கூற்றுகளை அவர்கள் தெரிந்தெடுத்தனர். கூற்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டது. விடையளிப்போர் தாம் உடன்படும் கூற்றுகளை மாத்திரம் அடையாளமிட்டனர்.

இம்முறை உழைப்பு மிகுந்தது. இதற்கு மாற்றாக ரென்சிஸ் லிக்கேட் 1932இல் தமது ஆய்வேட்டின் வாயிலாக எளிய முறையொன்றை முன்வைத்தார். நடுவர் குழு தேவையில்லை. கூற்று ஒவ்வொன்றுக்கும் ‘முற்றாக உடன்படுகிறேன்’ என்பது முதல் ‘முற்றாக மறுக்கிறேன்’ என்பது வரை ஐந்து படிகள் போதும். அவற்றுக்கு 1 முதல் 5 வரை எண்ணிட்டுக் கூட்டினால் ஒருவரது மனப்பாங்கு கிடைக்கும். கூற்றுகளை இரு பாதியாகப் பிரித்து ஒப்பிட்டபோது, குறைந்த எண்ணிக்கையான கூற்றுகளைக் கொண்டே தேர்ஸ்ரன் முறைக்கு ஈடான நம்பகத்தைப் பெறமுடியும் என அவர் காட்டினார்.

லிக்கேட் அளக்க முற்பட்ட பொருள்கள் எவை என்பதை இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. சர்வதேசியம், ஏகாதிபத்தியம், கறுப்பின மக்கள் ஆகியவை பற்றி அமெரிக்க மாணவர் கொண்டிருந்த மனப்பாங்குகளே அவை. அதாவது இம்முறை தொடக்கத்திற் சமூகத்தின் தப்பெண்ணங்களை அம்பலப்படுத்தும் நோக்குடையதாயிருந்தது. அரை நூற்றாண்டின் பின் அதே ஐந்து படிகள் பாடமொன்றைப் பற்றிய மாணவரின் தயக்கத்தை அளக்கப் பயன்பட்டபோது, விசாரணைக்குரிய பொருள் மாறிவிட்டது. முன்னையதிற் சமூகத்தின் நோய் அளக்கப்பட்டது; பின்னையதில் மாணவரே நோயாளியாயினர்.

ஐந்து படிகளுக்கு எண்ணிட்டுக் கூட்டும் முறையிற் கோட்பாட்டுச் சிக்கலொன்றும் உண்டு. 1946இல் எஸ். எஸ். ஸ்ரிவன்ஸ் அளவுத்திட்டங்களை நான்காக வகுத்தார். அவ்வகுப்பின்படி இப்படிகள் வரிசையை மாத்திரமே தருகின்றன; 2க்கும் 3க்கும் இடையிலுள்ள தூரம் 4க்கும் 5க்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சமமென்று கொள்வதற்கு அவற்றில் ஆதாரமில்லை. கூட்டலும் சராசரி காண்டலும் ஒரு வசதியான எடுகோளின் மேலேயே நிற்கின்றன.

4

ஒரே வினாக்கொத்தை இருமுறை கொடுத்து நம்பகத்தைக் காண்பது கடினம். மாணவர் முதல் விடைகளை நினைவில் வைத்திருப்பர். அல்லது இடைக்காலத்தில் அவர்களது மனப்பாங்கே மாறிவிடும். எனவே ஒரு தடவை பெற்ற விடைகளைக் கொண்டே நம்பகத்தை மதிப்பிடும் வழி தேடப்பட்டது. 1937இல் கூடரும் றிச்சட்சனும் சரி, பிழை என இருவகை விடையுள்ள சோதனைகளுக்கு ஒரு சூத்திரத்தைத் தந்தனர். 1945இல் லூயிஸ் கற்மன் நம்பகத்துக்குரிய ஆறு கீழெல்லைகளை நிறுவினார். அவற்றுள் மூன்றாவது, இன்று நாம் ‘அல்பா’ என்று கூறும் குணகமேயாகும். 1951இல் லீ குரொன்பாக் எழுதிய கட்டுரை அதற்கு அப்பெயரையும் பரந்த புகழையும் அளித்தது.

அல்பா கூறுவது யாது? வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு தூரம் இணைந்து மாறுகின்றன என்பதையும், வினாக்கள் எத்தனை என்பதையும் சேர்த்தே அது கூறுகின்றது. இவ்விரண்டாம் அம்சம் எளிதில் மறக்கப்படுகின்றது. வினாக்களுக்கிடையேயுள்ள சராசரி இணைபு 0.20 என்ற மிகத் தாழ்ந்த அளவினதாயிருக்கிறது எனக் கொள்வோம். நியமமாக்கப்பட்ட விடைகளுக்கு 6 வினாக்களாயின் அல்பா 0.60, 12 ஆயின் 0.75, 24 ஆயின் ஏறத்தாழ 0.86, 36 ஆயின் 0.90. வினாக்களின் தரம் அணுவளவும் உயரவில்லை. எண்ணிக்கை மாத்திரமே உயர்ந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டையும் நோக்குவோம். 12 வினாக்களில் ஆறு அச்சத்தையும் மற்றைய ஆறு பாடத்தின் பயன் பற்றிய எண்ணத்தையும் வினவுகின்றன என்றும், ஒவ்வோர் ஆறினுள்ளும் இணைபு 0.50 என்றும், இரு தொகுதிகளுக்குமிடையே எவ்வித இணைபும் இல்லையென்றும் கொள்வோம். பன்னிரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் அல்பா ஏறத்தாழ 0.78 ஆகும். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பண்புகளின் கலவை, ஏற்புடைமைக்குரிய எல்லையை எளிதிற் கடந்துவிடுகின்றது. உயர்ந்த அல்பா, வினாக்கொத்து ஒரே பண்பைத்தான் அளக்கின்றது என்பதற்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அந்த 0.70 என்ற எல்லை எங்கிருந்து வந்தது? ஜும் நனலி எழுதிய உளவளவையியற் பாடநூலின் 1978ஆம் ஆண்டுப் பதிப்பையே பலரும் சான்றாகக் காட்டுவர். ஆயின் அவர் அதனை ஆய்வின் தொடக்க நிலைக்கே போதுமானதெனக் கூறினார். தனிமனிதரைப் பற்றிய முக்கிய தீர்மானங்களுக்கு 0.90 கூட மிகக் குறைந்த எல்லையே என்பதும் அவர் கருத்தாகும். முன்னைய பகுதி எங்கும் பரவியது. பின்னைய பகுதி மறக்கப்பட்டது. நியம விலகல் 10 ஆகவுள்ள ஓர் அளவுத்திட்டத்தில் நம்பகம் 0.70 ஆயின், ஒரு மாணவரின் புள்ளியிலுள்ள அளவீட்டு வழு ஏறத்தாழ 5.5 ஆகும். இத்தகைய புள்ளியை வைத்து ஒருவரை ‘மனப்பாங்கிற் குறைந்தவர்’ எனத் தனியே பிரித்தெடுப்பது அறிவியலாகாது.

குரொன்பாக் தாமே இப்புகழையிட்டு மகிழ்ந்தாரல்லர். 2001இல் அவர் மறைந்த பின் 2004இல் வெளிவந்த அவரது கட்டுரை, அளவீட்டு வழுக்கள் பற்றிய பரந்த ஆய்வின் சிறியதொரு பகுதியையே அல்பா காட்டுகின்றதென்றும், அளவீட்டின் நியம வழுவே முதன்மையாக அறிவிக்கத்தக்கதென்றும் கூறியது. 2009இல் நெதர்லாந்து அறிஞர் கிளாஸ் சைற்ஸ்மா அல்பாவின் பயன் மிகக் குறுகியது என்று விரிவாக எடுத்துக்காட்டினார்.

5

இப்பின்னணியிலேயே புள்ளிவிபரவியல் பற்றிய மனப்பாங்கை அளக்கும் கருவிகள் தோன்றின. 1980இல் றொபேட்சும் பில்டர்பக்கும் 33 கூற்றுகளைக் கொண்ட வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். அதன் நம்பகக் குணகம் மிக உயர்ந்ததாயிருந்தது. ஆயினும் 1985இல் ஸ்ரீவன் வைஸ் அதன்மீது அடிப்படையான குறையொன்றைச் சுட்டினார். அதன் கூற்றுகளிற் பல, மாணவர் பாடத்தைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதையன்றி, கணக்குகளை அவர்கள் எவ்வளவு வெற்றியாகச் செய்தனர் என்பதையே வினவின; பாடத்தை இன்னும் தொடங்காதவர் அவற்றுக்கு விடையளிக்க வழியில்லை என்பதே அக்குறையாகும். நம்பகம் உயர்ந்திருந்தும் அளக்கப்பட்ட பொருள் வேறாயிருக்கலாம் என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. குரொன்பாக்கும் போல் மீலும் 1955இல் வற்புறுத்திய வலிதுடைமை, அதாவது கருதிய பொருளையே அளத்தல் என்ற தகுதி, நம்பகத்தினின்றும் வேறானது.

வைஸ் அமைத்த கருவி 29 கூற்றுகளைக் கொண்டது. 20 கூற்றுகள் புள்ளிவிபரவியல் என்ற துறையைப் பற்றியன. 9 கூற்றுகள் மாணவர் அப்போது பயிலும் பாடநெறியைப் பற்றியன. இப்பிரிப்புப் பயனுடையது. ஒருவர் துறையை மதித்துக்கொண்டே பாடநெறியை வெறுக்கலாமன்றோ? அதே 1985இல் குரூஸ், காஷ், போல்ரன் ஆகியோர் 51 கூற்றுகளும் ஆறு பகுதிகளும் கொண்ட பதகளிப்பு அளவுத்திட்டமொன்றை வெளியிட்டனர்.

1995இல் கன்டேஸ் ஷோ உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட கருவி பின்னர் உலகின் பல மொழிகளுக்குச் சென்றது. 28 கூற்றுகள் நான்கு கூறுகளாக வகுக்கப்பட்டன: உணர்வு 6, தன் ஆற்றல் பற்றிய எண்ணம் 6, பாடத்தின் பெறுமதி 9, கடினம் 7. ஒவ்வொரு கூற்றுக்கும் ஏழு படிகள். பின்னர் 2003இல் ஆர்வம், முயற்சி என்பன நான்கு நான்கு கூற்றுகளாகச் சேர்க்கப்பட்டு அது 36 கூற்றுகளாயிற்று. ‘கடினம்’ என்ற கூறில் உயர்ந்த புள்ளி, பாடம் எளியதென மாணவர் கருதுவதைக் குறிக்கும்; பெயரை மாத்திரம் கொண்டு அட்டவணையை வாசிப்போர் எதிர்மாறான முடிவுக்கு வருவர்.

மனப்பாங்கு ஒரே எண்ணன்று, பல கூறுகளாலாயது என்பதை நிலைநாட்டியமை இக்கருவியின் சிறப்பாகும். எனினும் கூறுகளின் பிரிவு எல்லா இடத்தும் ஒரே தன்மையாக நிலைக்கவில்லை. பெல்ஜியத்தின் பிளெமிய மாணவரிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு, உணர்வு, தன் ஆற்றல், கடினம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மிக நெருங்கியிருந்தன எனக் கண்டது.

6

இத்தகைய கருவிகளின் முதன்மையான பயன், பாடநெறியின் தொடக்கத்திலும் முடிவிலும் மனப்பாங்கை அளந்து மாற்றத்தை அறிவதாகும். இங்குதான் நம்பகம் பற்றிய கவனம் மிகுதியாக வேண்டப்படுகின்றது. தொடக்க அளவையின் நம்பகமும் முடிவு அளவையின் நம்பகமும் 0.80 ஆகவும், இரண்டின் பரம்பலும் ஒத்ததாகவும், இரண்டுக்குமிடையேயுள்ள இணைபு 0.70 ஆகவும் இருப்பின், அவற்றின் வித்தியாசத்தின் நம்பகம் ஏறத்தாழ 0.33 மாத்திரமே. ஒரு மாணவர் ‘முன்னேறினார்’ அல்லது ‘பின்னடைந்தார்’ என்று தனித்தனியே கூறுவதற்கு இது போதாது. வகுப்பு முழுவதன் சராசரி மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். ஏனெனிற் பலரது வழுக்கள் சராசரியில் அடங்கிவிடும்.

அவ்வாறு பேசியோர் கண்டது என்ன? ஐக்கிய அமெரிக்காவின் அறிமுகப் பாடநெறிகளை ஆராய்ந்து ஷோவும் எமியோலுவும் 2012இல் வெளியிட்ட கட்டுரையின்படி, உணர்வு, தன் ஆற்றல், கடினம் ஆகியவை பெரிதும் மாறவில்லை. பெறுமதி, ஆர்வம், முயற்சி ஆகியவை குறைந்தன. அதாவது பாடம் தொடங்கியபோது இருந்ததிலும் குறைந்த மதிப்புடனேயே மாணவர் பலர் அதனை விட்டுச் சென்றனர். இம்முடிவை மாணவரின் குறையெனக் கொள்வது எவ்வாறு பொருந்தும்? இடையிலே நிகழ்ந்தது கற்பித்தலேயன்றோ? வினாக்கொத்து மாணவரை நோக்கி நீட்டப்பட்டது. ஆயின் விடை பாடநெறியைச் சுட்டிநின்றது.

இட்டோ கால் முதலியோர் 1990களிலேயே இக்குறைபாட்டை உணர்த்தினர். படிகளில் அடையாளமிடும் முறை, மாணவர் எவ்வளவு வெறுக்கின்றனர் என்பதைக் கூறுமேயன்றி ஏன் வெறுக்கின்றனர் என்பதைக் கூறாது. எனவே மாணவர் தம் சொற்களில் எழுதும் விடைகளையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

7

இவ்வரலாறு எமக்குத் தொலைவிலுள்ளதன்று. எமது மொழியிற் ‘புள்ளி’ என்ற சொல் மாணவரின் செவிக்கு முதலிற் பரீட்சைப் புள்ளியையே உணர்த்தும். இலங்கையிலே புள்ளிவிபரவியல் மாணவரின் வாழ்வினுள் பாடமாக நுழையுமுன் தீர்ப்பாகவே நுழைந்தது. 1971ஆம் ஆண்டுக்குரிய பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்துக்கேற்ப வெவ்வேறு தகைமைப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. 1973இல் மொழிமூல அடிப்படையிலான தரப்படுத்தல் வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளும் பொது அளவுத்திட்டத்துக்கு மாற்றப்பட்டு, அம்மொழிமூலத்தில் தோற்றியோரின் விகிதத்துக்கேற்பத் தெரிவு அமையுமாறு செய்யப்பட்டது. 1974இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. மொழிமூலத் தரப்படுத்தல் பின்னர் கைவிடப்பட்டது.

இம்முறையின் அரசியல் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதன் அளவையியல் எடுகோளை மாத்திரம் நாம் இங்கு நோக்குவோம். இரு குழுக்களின் சராசரிகள் வேறுபடும்போது, அவ்வேறுபாடு அளவுகோலிலிருந்து வந்ததா, கற்ற நிலைமைகளிலிருந்து வந்ததா என்பது ஆராய்ந்து அறியப்படவேண்டியது. ஆராயாமலே இரு சராசரிகளையும் சமப்படுத்துவது, வினாவை எழுப்புமுன் விடையைச் சூத்திரத்துள் எழுதிவிடுவதாகும். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியோரை ஒன்றாகக் கொண்டு இசெட் புள்ளி கணிக்கப்பட்டமை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012இல் அவர்களை இரு வேறு தொகுதிகளாகக் கொள்ளுமாறு நீதிமன்றம் பணித்தது. எவரை எவரோடு சேர்த்து அளக்கலாம் என்பது வெறும் நுட்பவியல் வினாவன்று என்பதை நாடே அன்று கண்டது.

மனப்பாங்கு வினாக்கொத்துக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்திலமைந்த கூற்றுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்த்து, இரு மொழிமூல மாணவரின் சராசரிகளை ஒப்பிட விரும்புவோர், கூற்றுகள் இரு மொழியிலும் ஒரே பண்போடு ஒரே வகையில் தொடர்புறுகின்றனவா என்பதை முதலில் நிறுவவேண்டும். அச்சம், பதகளிப்பு, கூச்சம், சலிப்பு என்ற சொற்களின் கனம் தமிழிலேயே ஒன்றன்று. இரு மொழிகளிலும் அல்பா 0.80 எனக் காட்டுவது இதற்குப் போதாது. இரு வேறு பொருள்களை இரு குழுக்களில் ஒரே அளவு நம்பகத்துடன் அளந்திருக்கவும் கூடும்.

8

தொகுத்து நோக்கின், நம்பகம் இன்றி அறிவியல் அளவீடு இல்லை. இதனை மறுப்போர் தம் எண்ணங்களையே தரவாகக் கொள்வோராவர். ஆயின் நம்பகம் அளவீட்டின் தொடக்கமேயன்றி முடிவன்று. எமது பல்கலைக்கழகங்களில் இத்துறையில் ஆய்வுசெய்ய முன்வருவோர், பிறநாட்டுக் கருவியின் குணகத்தை மேற்கோள் காட்டி அமையாது தம் மாணவரின் விடைகளிலிருந்தே அதனைக் கணித்தல் வேண்டும். குணகத்தோடு அளவீட்டு வழுவையும் அறிவித்தல் வேண்டும். கூறுகளைக் கலந்து ஒரே எண்ணாக்குவதைத் தவிர்த்தல் வேண்டும். மொழிபெயர்த்த கூற்றுகளை மாணவருடன் இருந்து வாசித்து, அவர்கள் அவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் எனக் கேட்டல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, வகுப்பறையையும் அளத்தல் வேண்டும். பாடத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம், தாய்மொழியில் உள்ள நூல்கள், ஓர் ஆசிரியருக்குரிய மாணவர் தொகை, பயிற்சிக்குக் கொடுக்கப்படும் தரவுகள் மாணவரின் வாழ்வோடு தொடர்புடையனவா என்பது ஆகியன மனப்பாங்குப் புள்ளிகளின் அருகே எழுதப்படவேண்டிய எண்களும் குறிப்புகளுமாகும். அவை இல்லாத அட்டவணை எவ்வளவு உயர்ந்த நம்பகமுடையதாயினும், மாணவர் அஞ்சுகின்றனர் என்பதை மாத்திரமே மீண்டும் மீண்டும் நம்பகமாகக் கூறிக்கொண்டிருக்கும். அவர்கள் எதற்கு அஞ்சுகின்றனர் என்பதையும், அதனை மாற்றும் பொறுப்பு எவரது என்பதையும் அறிவதே ஆய்வின் கடனாகும்.